எட்டுக்குப் பத்துக் கட்டத்தில் ஒரு மயில்

சங்கத்திலிருந்து இரண்டு பெண்கள் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். இப்போது அச்சகத்தில் கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவர்கள். சங்க மலருக்காகப் பழைய தொழிலாளர்களிடம் எழுதி வாங்குகிறார்களாம்.

"நீங்க எந்த செக்‌ஷன்ல இருந்தீங்கம்மா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ரூலிங்."

"அப்படின்னா?"

"நோட்டுல கோடு போடுறது."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "கோடு போடுறதுக்குன்னு தனியா ஒரு வேலையாம்மா? இப்ப ஒரு தட்டு தட்டினா நூறு கோடு வந்து விழும்."

எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. எழுதித் தருகிறேன் என்று தலையை மட்டும் ஆட்டினேன். போகும்போது எழுதுவதற்கென்று ஒரு புது நோட்டுக் கொடுத்தார்கள். அவர்கள் தெருமுனை திரும்பியதும் அதைத் திறந்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகக் கண் மட்டத்தில் பிடித்துப் பார்த்தேன். மார்ஜின் கோடு அடிப்பக்கம் வரும்போது ஒரு மயிரிழை வலது பக்கம் சாய்கிறது. திரும்பக் கூப்பிட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தது. இதில் எழுதிவிட்டேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். வீடு ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் பக்கம். அப்பா வாழைத்தோப்பில் வேலை பார்த்தார். ஐம்பதுகளின் நடுவில், எனக்குப் பதினேழு வயதிருக்கும்போது, தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த அச்சகத்தில் சேர்த்துவிட்டார்கள். காலையில் பஸ் ஏறிக் காவிரிப் பாலம் தாண்டிச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடப்பேன். முதல் ஆறு மாதம் தாள் எண்ணினேன், மடித்தேன், பசை தடவினேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அப்புறம் ரூலிங்கில் தாள் விடுவதற்கு ஆள் வேண்டும் என்று என்னை அனுப்பினார்கள். அங்கே போன பிறகுதான் எனக்கு வேலை என்றால் என்னவென்று தெரிந்தது.

அந்த மெஷினைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு கட்டிலைச் சேர்த்துப் போட்ட நீளம் இருக்கும், முழுக்க மரம். அதன் மேல் ஒரு கான்வாஸ் பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு கோடியில் உட்கார்ந்து நான் ஒவ்வொரு தாளாக அதன் மேல் வைப்பேன். தாள் எழும்பிவிடாமல் மேலே நூல்கள் அழுத்திக்கொண்டு ஓடும். நடுவில் குறுக்கே ஒரு கட்டை. அதில் வரிசையாகப் பேனாக்கள் குத்தியிருக்கும். பேனா என்றால் நீங்கள் நினைக்கிற பேனா இல்லை. பித்தளைத் தகட்டை மடித்துச் செய்த, தீக்குச்சி கனமுள்ள சின்னக் குழாய். எல்லாப் பேனாவின் தலையிலும் மை நனைத்த ஒரு கம்பளித் துணி கிடக்கும். தாள் அடியில் போகும்போது பேனாக்கள் அதைத் தொட்டும் தொடாமலும் தடவும். மறு கோடியில் தாள் வந்து விழும்போது முப்பது கோடு போட்டிருக்கும், ஈரம் மினுமினுக்க. குறுக்குக் கோடும் வேண்டுமென்றால் தாளைத் திருப்பிப் போட்டு, வேறு கட்டை மாட்டி, மறுபடியும் விட வேண்டும்.

மறு கோடியில் தாளை வாங்கி அடுக்குகிறவர் நூர்ஜஹான் அக்கா. என்னைவிடப் பத்து வயது பெரியவர். வாய் ஓயாது. நான் பேசாததற்கும் சேர்த்து அவரே பேசுவார். "ஏண்டி கமலம், நீ வாயத் திறந்தா பெல்ட் அறுந்துடுமாடி?" என்று அந்தக் கோடியிலிருந்து கத்துவார். நான் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த தாளை விடுவேன்.

எங்கள் மேஸ்திரி ராயப்பன். பாலக்கரைக்காரர். நாற்பத்தைந்து வயது, ஒல்லி, வெள்ளைச் சட்டை. நாள் முழுக்க நீலமும் சிவப்புமாக மையில் வேலை செய்கிறவர் சட்டையில் ஒரு பொட்டு மை நான் பார்த்ததில்லை. அவர் பேச்சு ஒரே எழுத்துதான். "ம்." சின்ன "ம்" என்றால் சரி. கொஞ்சம் நீட்டினால் நிறுத்து என்று அர்த்தம். நீட்டி, மூக்கால் மூச்சும் விட்டால் அன்றைய அடுக்கு முழுக்கக் குப்பைக்குப் போகும். நன்றாக இருக்கிறது என்பதற்கு அவரிடம் "ம்" கிடையாது. சிரிப்பும் கிடையாது.

மை அவர்தான் காய்ச்சுவார், யாரையும் தொட விடமாட்டார். நீலப் பொடியை வெந்நீரில் கரைத்து, வேலம்பிசின் சேர்த்து, பழைய வேட்டியில் வடிகட்டுவார். கடைசியில் ஒரு புட்டியிலிருந்து நாலு சொட்டு விடுவார். அதுதான் மை தாளில் திரளாமல் வழுக்கிக்கொண்டு ஓடுவதற்கு. அது ஆட்டுப் பித்தநீர். நூர்ஜஹான் அக்காவின் அண்ணன் கசாப்புக் கடையிலிருந்து கொண்டுவந்து கொடுப்பார். எங்கள் வீடு வெள்ளி, சனி, ஏகாதசி எல்லாம் சுத்தம் பார்க்கிற வீடு. கையில் என்ன நீலம் என்று அம்மா கேட்டால் மை என்பேன். மையில் என்ன என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

காய்ச்சிய மையை இடது கைப் பெருவிரல் நகத்தில் ஒரு சொட்டு விட்டுச் சாய்ப்பார் மேஸ்திரி. அது ஓடுகிற வேகத்தைப் பார்த்துத் தண்ணீர் சேர்ப்பார். சித்திரையில் மை பேனா முனையிலேயே காய்ந்துவிடும், ஜன்னலில் ஈரச் சாக்குத் தொங்கவிடுவோம். ஆடியில் காவிரி நுரைத்துக்கொண்டு வருகிறபோது காற்றிலேயே ஈரம் இருக்கும், கோடு காயாது, ஒன்றோடொன்று ஒட்டும். அப்போது தாளுக்குத் தாள் இடைவெளி விட்டு மெதுவாக விட வேண்டும். "கோடு தூங்குது" என்பார் சில நாள். கோடு எங்கே தூங்குகிறது என்று முதலில் எனக்குத் தெரியவில்லை. ஒரு வருடம் கழித்து ஒரு நாள் எனக்கே தெரிந்தது. நடுவில் ஒரு பேனா மற்றவற்றைவிட ஒரு நூல் தாழ்ந்திருந்தது, அந்தக் கோடு மட்டும் கனத்துக் கிடந்தது. நானாகத் தாள் விடுவதை நிறுத்தினேன். அவர் வந்து பார்த்தார். "ம்." சின்ன "ம்". அன்றைக்கு நான் பாலத்தை நடந்தே கடந்தேன், பஸ்ஸில் உட்கார முடியாத சந்தோஷம்.

அப்போதெல்லாம் பள்ளிக்கூடத்து நோட்டுகள்தான் அதிகம். ஒற்றைக் கோடு, இரட்டைக் கோடு, இங்கிலீஷுக்கு நாலு கோடு, கணக்குக்குக் கட்டம், பெரிய வகுப்புக்கு கிராஃப். எங்கள் அச்சகத்திலேயே ஒரு ஜியோமெட்ரி புத்தகமும் அச்சானது. ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டின்போது எழுத்துக் கோக்கிற கம்போசிங்கில் இருந்து ஒருத்தர் ஒரு புரூஃபை எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்தார், வேண்டுமென்றே வம்புக்கு.

"மேஸ்திரி, கேளுங்க. கோட்டுக்கு நீளம் உண்டு, அகலம் கிடையாதாம்."

மேஸ்திரி சாப்பிடுவதை நிறுத்தினார். "யாரு சொன்னா?"

"புத்தகத்துல போட்டிருக்கு."

"அகலம் இல்லாத கோட்டுக்கு நான் எதுக்கு மை காய்ச்சுறேன்?" என்றார் மேஸ்திரி. அவர் பேசி நான் கேட்ட நீளமான பேச்சு அதுவரை அதுதான்.

எல்லாரும் சிரித்தார்கள், அவரைத் தவிர. கம்போசிங்காரர் விடவில்லை. "இன்னொண்ணு கேளுங்க. இணைகோடு ரெண்டு இருக்குல்ல, அதை எவ்வளவு தூரம் நீட்டினாலும் ஒண்ணை ஒண்ணு சந்திக்காதாம்."

நூர்ஜஹான் அக்கா டிபன் டப்பாவை மூடிக்கொண்டே சொன்னார்: "அது தெரிஞ்ச விஷயந்தானே. நம்ம மேஸ்திரியும் சிரிப்பும் மாதிரி."

எனக்குப் புரையேறிவிட்டது. மேஸ்திரி அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கை கழுவப் போய்விட்டார். அன்றிலிருந்து எங்கள் செக்‌ஷனில் மேஸ்திரிக்கு மறைவில் இணைகோடு என்று பெயர்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. கேட்க மாட்டேன், பார்த்துக்கொண்டே இருப்பேன். மூன்று வருடத்தில் பேனாக் கட்டை கட்டுவது முழுக்க எனக்குக் கண்ணால் வந்துவிட்டது. குறடால் பேனாவை எப்படிப் பிடிப்பது, அளவுத் தாளைக் கட்டையில் எப்படி ஒட்டுவது, முனைகள் ஒரே மட்டத்தில் நிற்கின்றனவா என்று ஒரு கண்ணாடித் துண்டின் மேல் கட்டையை இறக்கி எப்படிப் பார்ப்பது, எல்லாம். ஆனால் பேனாக் கட்டையில் கை வைப்பது மேஸ்திரி வேலை. தாள் விடுகிறவர்கள் தொடக் கூடாது. பெண்கள் தொடுவது என்ற பேச்சே அங்கே கிடையாது.

உறையூரிலிருந்து சொக்கலிங்கம் என்று ஒருத்தர் ஒரு வேலை கொண்டுவந்தார். சேலைக் கரைக்கு டிசைன் போடுகிறவர். நெசவு டிசைனைக் கட்டத் தாளில்தான் வரைவார்கள். ஒரு கட்டம் என்றால் தறியில் நூலும் நூலும் குறுக்கிடுகிற ஒரு புள்ளி. எந்தக் கட்டத்துக்குள் வண்ணம் நிரப்பியிருக்கிறதோ அந்த இடத்தில் பூ எழும்பும். அதைப் பார்த்து அட்டையில் ஓட்டை குத்தித் தறியில் மாட்டுவார்கள். அந்தத் தாள் அதுவரை அவருக்கு மெட்ராஸிலிருந்து வந்துகொண்டிருந்தது. இங்கேயே போட முடியுமா என்று முதலாளியிடம் கேட்டு, மாதிரித் தாள் ஒன்றும் கொடுத்துவிட்டுப் போனார்.

மேஸ்திரி இரண்டு கட்டை கட்டினார். முதல் கட்டையில் அங்குலத்துக்குப் பத்துக் கோடு. அதை ஓட்டி முடித்தோம். தாளைத் திருப்பிப் போட்டு இரண்டாவது கட்டையை மாட்டும்போது முசிறியிலிருந்து அவருடைய தங்கை வீட்டுக்காரர் தவறிவிட்டதாகச் செய்தி வந்தது. "மாட்டியாச்சு. ஓட்டிடுங்க" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

நான் முதல் தாளை விட்டேன். நூர்ஜஹான் அக்கா கையிலிருந்து வாங்கிப் பார்த்தேன். கட்டம் சதுரமாக இல்லை. அகலம் அதிகம், உயரம் குறைவு. ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் எட்டு. துக்கச் செய்தி வந்த பதற்றத்தில் மேஸ்திரி தப்பான கட்டையை மாட்டிவிட்டார் என்று நினைத்தேன். செய்தி வருவதற்கு முன்பே கட்டிய கட்டை அது என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. முந்தின நாள் பள்ளிக்கூட கிராஃபுக்குக் கட்டிய பத்துக் கட்டை அலமாரியில் அப்படியே இருந்தது. முதலாளி அறை பத்தடி தூரம். போய்க் கேட்டிருக்கலாம். மாதிரித் தாள் அவர் மேஜையில்தான் இருந்தது. ஆனால் அந்தக் கதவைத் தட்டி, உள்ளே போய், நாலு பேர் பார்க்க வாயைத் திறந்து, மேஸ்திரி தப்புச் செய்துவிட்டார் என்று சொல்வதைவிட, கட்டையை மாற்றுவது எனக்கு எளிதாக இருந்தது.

எட்டைக் கழற்றிப் பத்தை மாட்டினேன்.

"ஏண்டி, மேஸ்திரி கட்டையில கை வைக்கிறே?" என்றார் நூர்ஜஹான் அக்கா.

"கட்டம் கோணலா இருக்குக்கா."

"உனக்குத் தெரியுமா?"

"பாத்தா தெரியுதேக்கா."

கண்ணாடித் துண்டை வைத்து மட்டம் பார்த்தேன். கம்பளியை நனைத்தேன். ஓட்டினோம். அதைப் போல ஒரு கட்டம் நான் பார்த்ததில்லை. ஒவ்வொன்றும் சின்னச் சின்ன ஜன்னல் மாதிரி, சுத்தமான சதுரம். மறுநாள் காலையில் உறையூரிலிருந்து ஆள் வந்து தாள்கட்டுகளை ஜட்காவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். மேஸ்திரி மூன்றாம் நாள் முசிறியிலிருந்து திரும்பி வந்தார். "ஓட்டியாச்சா?" என்றார். தலையாட்டினேன். ஒரு தாள் கூட மிச்சம் வைக்கவில்லை அவர் பார்ப்பதற்கு. இரண்டு கட்டையும் அலமாரியில் பழையபடி இருந்தன.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு காலையில் சொக்கலிங்கம் வந்தார். தோளில் ஒரு சேலை. முதலாளி கூடவே வர, நேராக எங்கள் மெஷினுக்கு வந்து, ஓடாமல் நின்றிருந்த பெல்ட்டின் மேல் சேலைக் கரையை விரித்தார். அரக்குச் சேலை, மஞ்சள் கரை.

"இது என்னன்னு சொல்லுங்க பாப்போம்" என்றார்.

முதலாளி குனிந்து பார்த்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "கோழிங்க."

"மயிலுங்க!"

நானும் எட்டிப் பார்த்தேன். கரை முழுக்க வரிசையாகக் கொழுகொழுவென்று குட்டைக் கழுத்தோடு, குட்டைக் காலோடு நின்றன. தலையில் கொண்டை இருந்தது, தோகையும் இருந்தது, ஆனால் யாரோ மேலே கையை வைத்து அமுக்கிவிட்ட மாதிரி. கோழி என்று சொல்லக்கூட முடியாது. அடைகாக்கிற கோழி.

சொக்கலிங்கம் பையிலிருந்து எங்கள் தாளை எடுத்தார். "என் மேலயும் தப்பு இருக்குங்க. கட்டத்தை எண்ணிப் பாக்காம வரைஞ்சேன். தினம் ஏறுற படியை யாரு எண்றா? எட்டுக்குப் பத்துன்னு சொல்லி மாதிரியும் கொடுத்தேன். இது பத்துக்குப் பத்து. தீபாவளிக்கு மயில் கரைன்னு கடைக்காரங்ககிட்ட சொல்லியாச்சு. இப்ப மறுபடியும் வரையணும், மறுபடியும் அட்டை குத்தணும். நாள் இருக்கான்னு தெரியல."

முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. "ராயப்பன்!"

மேஸ்திரி தாளை வாங்கினார். சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அது தன் கட்டை இல்லை என்று அவருக்கு முதல் பார்வையிலேயே தெரிந்திருக்கும். கண்ணாடியை எடுத்தபோது அவர் கண் நேராக அலமாரிக்குப் போனது. அப்புறம் எங்கள் பக்கம் திரும்பாமல், முதலாளியைப் பார்த்துச் சொன்னார்: "என் செக்‌ஷன்ல நடந்தது. என் தப்புங்க."

"வயசாகுது ராயப்பன் உங்களுக்கு. மெட்ராஸ்ல ஒரு ஆள் இருக்கான், வரேன்னு ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருக்கான். நீங்க பேப்பர் கோடவுனைப் பாத்துக்கங்க. ரூலிங்கை அவன் பாக்கட்டும்."

மேஸ்திரி பூதக்கண்ணாடியைத் துடைத்தார். ஏற்கனவே சுத்தமாக இருந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

நூர்ஜஹான் அக்கா என்னைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் தெரியும், ஆனால் என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டார், உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். பொன்மலை ரயில்வே பட்டறைச் சங்கு ஊதியது. எனக்கு அந்தச் சத்தம் ஏனோ தைரியமாக இருந்தது. அலமாரிக்குப் போனேன். எட்டுக் கட்டையை ஒரு கையிலும் பத்துக் கட்டையை ஒரு கையிலும் எடுத்து வந்து, கோழிச் சேலையின் இரண்டு பக்கமும் வைத்தேன். வைத்த வேகத்தில் பேனாக்கள் கிலுகிலுவென்று சத்தம் போட்டன.

எட்டைத் தொட்டு, "இது மேஸ்திரி மாட்டினது" என்றேன். பத்தைத் தொட்டு, "இது நான் மாட்டினதுங்க" என்றேன்.

முதலாளிக்குப் புரியவே சற்று நேரமாயிற்று. "நீயா? யார் சொல்லி மாட்டினே?"

"யாரும் சொல்லலைங்க. கட்டம் சதுரமா இல்லைங்க. அதான்."

"என்கிட்ட வந்து கேட்டா என்ன?"

நூர்ஜஹான் அக்காவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "முதலாளி, அவ என்கிட்ட ஒரு சொம்பு தண்ணி கேக்கவே மூணு நாள் யோசிப்பா. உங்ககிட்ட வந்து கேப்பாளா?"

சொக்கலிங்கம்தான் முதலில் சிரித்தார். கோபமாக வந்தவர், நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சேலையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "இங்க வாம்மா. நெடுக்க நிக்கிற நூல் எட்டு இருக்கிற இடத்துல, குறுக்க ஓடுற நூல் பத்து இருக்கும். குறுக்கு நூலை நெருக்கி அடிக்கிறோம்ல? அதனால சதுரக் கட்டத்துல மயில் வரைஞ்சா துணியில அமுங்கிப்போகும். கட்டம் அமுங்கியிருந்தாத்தான் மயில் நிமிந்து நிக்கும். புரியுதா?"

புரிந்தது. அவ்வளவு நேரம் பயத்தில் நின்றவளுக்கு அந்த நொடி பயம் மறந்தே போயிற்று. கட்டம் என்றால் சதுரம் என்று ஐந்தாம் வகுப்பிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தவள் நான். "அப்ப இன்னும் நெருக்கி அடிச்சா, கட்டம் இன்னும் அமுங்கணுமாங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"பாருங்கய்யா, கேக்குது!" என்றார் சொக்கலிங்கம். தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "தப்பான கட்டந்தான். ஆனா ஒரு கோடு கூட நடுங்கலைங்க முதலாளி. மெட்ராஸ் தாள்ல எனக்கு இப்படி வந்ததில்ல. மூணு நாள்ல சரியான கட்டம் கொடுத்தீங்கன்னா நான் எப்படியாவது சமாளிச்சுடுவேன்."

மெட்ராஸ் ஆள் பேச்சு அதோடு நின்றது. முதலாளி என்னைப் பார்த்து விரலை ஆட்டிவிட்டு அறைக்குள் போய்விட்டார்.

எல்லாரும் போன பிறகு மேஸ்திரி எட்டுக் கட்டையைக் கையில் எடுத்தார். ஒவ்வொரு பேனாவாகப் பிடுங்கிக் கிண்ணத்தில் போட்டார். வெறும் கட்டையை என் முன்னால் வைத்தார். பக்கத்தில் குறடை வைத்தார்.

"கட்டு" என்றார்.

உட்கார்ந்தேன். அளவுத் தாளை ஒட்டினேன். அங்குலத்துக்கு எட்டு, ஒவ்வொரு எட்டாவதும் கனத்த பேனா. பேனாவை இடுப்பில் பிடித்தால் வளையும், கழுத்தில் பிடிக்க வேண்டும். குறிக்கு நேரே வைத்து, சாய்க்காமல் நெட்டுக்குத்தாக இறக்க வேண்டும். மத்தியானச் சாப்பாடு தாண்டிவிட்டது. அக்கா என் டப்பாவைத் திறந்து வைத்தும் நான் பார்க்கவில்லை. கட்டி முடித்துக் கண்ணாடித் துண்டின் மேல் இறக்கியபோது முனைகள் எல்லாம் ஒன்றாகத் தொட்டன. மேஸ்திரி பூதக்கண்ணாடியோடு ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை போனார். நாற்பதுக்கு மேலே ஏதோ ஒரு பேனாவில் நின்றார். "இது?"

பார்த்தேன். மயிரிழை விலகல். சரி செய்தேன்.

"ம்."

அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, மைக் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "எதுக்கு எட்டுன்னு நானும் சொல்லாமப் போயிட்டேன். இனிமே சொல்றேன். நீயும் கேளு."

"சரிங்க."

"கேக்கணும்."

"சரிங்க மேஸ்திரி."

அவர் சொன்னபடி செய்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு வேலை வரும்போதும், இது யாருக்கு, எதற்கு, இதில் என்ன எழுதுவார்கள் என்று மெஷின் ஓட்டுவதற்கு முன் எங்கள் இரண்டு பேரிடமும் சொல்வார். நாலு கோட்டு நோட்டில் நடு இரண்டு கோடும் ஏன் நெருக்கம், பொன்மலைப் பட்டறைக்கு வருகிற தாளில் ஓரத்தில் ஏன் இவ்வளவு இடம் என்று எல்லாம். எனக்குப் பள்ளிக்கூடம் மறுபடியும் திறந்த மாதிரி இருந்தது. கட்டை கட்டுகிற வேலையும் கொஞ்சம் கொஞ்சமாக என் கைக்கு வந்தது. தாள் விடுவதற்கு வேறு பெண் வந்தாள்.

அந்த மயில் கரை தீபாவளிக்குக் கடைக்கு வந்துவிட்டது. நானும் அக்காவும் பெரிய கடைவீதியில் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தோம். நிமிர்ந்து நின்றன எல்லாம். கோழிச் சேலை மட்டும் விலை போகாமல் உறையூரிலேயே கிடந்தது. மறு வருடம் எனக்குக் கல்யாணம், மாப்பிள்ளைக்குப் பொன்மலையில் வேலை. சொக்கலிங்கம் அந்தச் சேலையை மஞ்சள் தடவிக் கொண்டுவந்து கொடுத்தார். மறுவீட்டுக்குப் போகும்போது அதைத்தான் கட்டினேன். மேஸ்திரியும் வந்திருந்தார். கரையைப் பார்த்தார். எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தோம்.

"ம்" என்றார்.

"அல்லாவே, இதுக்கும் சிரிக்கலையே இந்த மனுசன்!" என்றார் நூர்ஜஹான் அக்கா என் காதில். என் வீட்டுக்காரர், போன வருடம் வரைக்கும், யாராவது புதிதாக வீட்டுக்கு வந்தால் போதும், "கல்யாணத்துக்குக் கோழி கட்டிக்கிட்டு வந்தவ" என்று ஆரம்பித்துவிடுவார்.

அறுபதுகளின் தொடக்கத்தில், ஸ்ரீரங்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் தமிழ் சொல்லிக்கொடுக்கிற புலவர் ஒருத்தர் வந்தார். நாமம் போட்டுக் குடுமி வைத்தவர். மாணவர்களுக்கு வெண்பா எழுதப் பழக்குவதற்கு ஒரு நோட்டு வேண்டுமாம். தாமே பென்சிலால் ஒரு மாதிரி போட்டுக் கொண்டுவந்திருந்தார். நாலு கோடு ஒரு கட்டு, அப்புறம் கொஞ்சம் இடம், அப்புறம் நாலு கோடு. மேலிருந்து கீழே மெல்லிசாக மூன்று நெட்டுக் கோடு. ஒரு வரியை நாலு அறையாகப் பிரிப்பதற்கு. ஓர் அறைக்குள் ஒரு சீர் எழுத வேண்டும்.

மேஸ்திரி மை காய்ச்சிக்கொண்டிருந்தார். புலவர் தாளை என்னிடம் நீட்டினார். பார்த்தேன். ஒவ்வொரு கட்டிலும் நாலாவது கோடு மட்டும் குட்டை. மூன்றாவது அறையோடு நின்றுவிட்டது. கடைசி அறை இல்லை. வயதானவர், கையால் போட்டது, மறந்திருப்பாரோ என்று பார்த்தால், எல்லாக் கட்டிலும் அப்படியே இருந்தது. குட்டைக் கோடு வேண்டுமென்றால் அந்தப் பேனாக்களை மட்டும் தனிக் கட்டையில் கட்டி, தாள் முக்கால் தூரம் வந்ததும் அந்தக் கட்டை தானாகத் தூக்கிக்கொள்கிற மாதிரி பல் வைக்க வேண்டும். அரை நாள் வேலை. முழுக் கோடு என்றால் ஒரு மணி நேரம்.

பழைய கமலம் என்றால் அந்த அறையைத் தானே போட்டு முடித்திருப்பாள்.

தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். "ஐயா, ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளேன்மா."

"கடைசி வரியில ஒரு அறை குறையுதுங்களே. அது வேணும்னுதான் விட்டிருக்கீங்களா?"

புலவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பக்கத்தில் இருந்த தாள் கட்டின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "முப்பது வருஷமா பாடம் எடுக்கறேன். கடைசி அடியிலே மூணு சீர்தான்டான்னு சொல்லுவேன், எழுதிப்பான்கள். ஏன் சுவாமி குறையறதுன்னு ஒரு பயல் கேட்டதில்லே. நீ கேட்டியே!"

"ஏனுங்க?"

"தெருவிலே ஒருத்தன் நடந்து வரான்னு வெச்சுக்கோ. நாலு எட்டு, நாலு எட்டுன்னு ஒரே சீரா வரான். வீட்டு வாசல் வந்துடுத்து. மூணாவது எட்டிலே நின்னுடறான். இன்னொரு எட்டு வெச்சா என்ன ஆகும்?"

"கதவுல முட்டிக்குவாருங்க" என்றேன்.

புலவர் வாய்விட்டுச் சிரித்தார். "பேஷ்! அதான் வெண்பா. நாலாவது அறை வேண்டாம்மா. அவன் அங்கே நிக்கட்டும்."

பின்னாலிருந்து மேஸ்திரியின் குரல் கேட்டது. நகத்தில் மைச் சொட்டு ஓடிக்கொண்டிருக்க, எழுந்து வந்திருந்தார்.

"கேட்டுத்தானுங்க ஆகணும் சாமி. கேக்கலைன்னா உங்க வெண்பாவும் கோழியாயிடும்."

சொல்லி முடித்ததும் அவருக்கே தாங்கவில்லை. முதலில் தோள் குலுங்கியது. அப்புறம் சத்தம் வந்தது, மூக்கடைத்த ஆள் தும்முகிற மாதிரி ஒரு சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வந்து, கையால் துடைக்கப் போய், நகத்திலிருந்த நீல மை வெள்ளைச் சட்டையில் விழுந்தது. குனிந்து அதைப் பார்த்தார். அதற்கும் சிரித்தார்.

புலவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "கோழியா?" என்று என்னைப் பார்த்தார்.

மெஷினின் மறு கோடியிலிருந்து நூர்ஜஹான் அக்கா, அச்சகம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்:

"ஏண்டி கமலம், பாத்தியாடி! ரெண்டு இணைகோடும் சேந்துடுச்சுடி!"